கழுத்துக்கு மேலே கம்பி

1

இந்தக் கதை ஒரு முக்காலியில் இருந்து வந்தது. கொடைக்கானல் மலைக் கிராமமான பள்ளங்கியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றபோது, அந்த வீட்டுப் பெண் முக்காலி போட்டு ஏறி விளக்கின் சுவிட்சைப் போட்டார். அவ்வளவு உயரத்தில் யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் வந்திருக்கும், என் பிழைப்பும் கெட்டிருக்கும்.

2

1978, ஐப்பசி. கொடைக்கானல் மலையில் அடைமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு

(நிறுத்திவிட்டேன். ஐப்பசியில் அங்கே மழை பெய்தது என்று சொல்ல ஒரு எழுத்தாளன் வேண்டுமா?)

வேறு மாதிரி தொடங்குகிறேன். இப்ராம்சா பழனி பஜாரில் ஒயர்மேன். அவர் குடியிருந்த தெரு பள்ளமானது. மழைக்காலத்தில் வெள்ளம் வாசற்படி ஏறி வீட்டுக்குள் வரும். அப்படி வந்த ஒரு வருடம், சுவரில் தாழ்வாக இருந்த பிளக்கில் தண்ணீர் ஏறி, கூடப் பிறந்த தம்பி போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், இங்கே தண்ணீர் எதுவரை ஏறும் என்றுதான் இப்ராம்சா முதலில் பார்ப்பார்.

அவர் போடும் கம்பிகள் கூரையை ஒட்டி ஓடும். வேண்டிய இடத்தில் மட்டும் மேலிருந்து இறங்கும். கழுத்துக்குக் கீழே ஒன்றும் வராது. தாழ்ந்த அடுப்படிக்குத் தனி ஃபியூஸ். எழுதும்போதே எனக்கு மலைப்பாக இருக்கிறது. தண்ணீர் வரத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு இடம் விட்டு, மிச்ச இடத்தில் வெளிச்சத்தை வைக்கிறார் மனிதர்.

3

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து திரும்பி வந்த அழகையாவும் இராசாத்தியும் பள்ளங்கியில் ஓடையோரம் வீடு கட்டியிருந்தார்கள். வீட்டின் பின்சுவர், சரிவில் உயர்ந்திருந்த மேல்வயலின் கரையோடு ஒட்டி நின்றது. ஓடைக்குத் தள்ளி இருந்த அந்தச் சுவரில்தான் மெயின் போர்டை உயரத்தில் வைத்தார் இப்ராம்சா.

“இம்புட்டு ஒசரத்துல வச்சா இவளுக்கு எப்பிடிங்க பாய் எட்டும்?” என்றான் அழகையா.

“எட்டலைன்னா முக்காலி போட்டு ஏறட்டும்ங்க. தண்ணிக்கு எட்டக் கூடாது, அதான் கணக்கு.”

“தோட்டத்து லயத்துல மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதான் பாய் எங்களுக்கு. பல்பு எரிஞ்சாக்கா முக்காலி என்ன, ஏணி வச்சே ஏறுவேன்” என்றாள் இராசாத்தி.

(முதலில் இவளைப் பயந்த சுபாவமாக எழுதிப் பார்த்தேன். கடல் தாண்டி வந்து ஓடைக்கரையில் வீடு கட்டியவளுக்கு அது ஒட்டவில்லை. அடித்துவிட்டேன்.)

4

பள்ளங்கி ஓடை பொங்கிவிட்டது என்று பஜாரில் கேட்டதும் இப்ராம்சா காய்கறி ஜீப் ஒன்றில் தொற்றி மலையேறினார். மத்தியானமே மூடுபனியில் இருட்டிக் கிடந்தது. வாசலில் இருந்து படி இறங்கும் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அதற்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. பரண்மேல் இராசாத்தி, மடியில் பிள்ளை.

இப்ராம்சா அசந்துபோனார். தம்பி போன நாளில் இருந்து அவர் மனதில் வரைந்து வைத்திருந்த வீடு இதுதான்.

“பாத்தீங்களா பாய், அணையவே இல்ல” என்றாள் அவள்.

அப்போதுதான் பின்சுவரைப் பார்த்தார். மேல்வயலின் கரை உடைந்து, தண்ணீர் சுவர் வழியாக மெயின் போர்டின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. பழனியில் வெள்ளம் கீழே இருந்துதான் ஏறும். மலையில் தலைக்கு மேலே இருந்தும் இறங்கும் என்பது அந்தச் சமவெளிக்காரருக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தண்ணீரோடு கரண்ட்டும் கீழே இறங்கியிருக்கலாம். கம்பத்தில் போய் நிறுத்தலாம் என்றால், மின்கம்பம் ஓடைக்கு அக்கரையில். மெயினை அணைக்க வேண்டுமானாலும் இந்தத் தண்ணீரில்தான் இறங்க வேண்டும்.

வாசலில் நின்ற அழகையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உள்ளே இறங்கக் காலைத் தூக்கினான்.

“ஏலே, நில்லு. காலை வைக்காத.”

“சொவரு ஊறிக்கெடக்குங்க பாய், விழுந்துரும். வெரசா தூக்கணும்ங்க.”

இப்ராம்சா அவனை விலக்கிவிட்டு வாசலில் குந்தினார். ஒயர்மேன்கள் சந்தேகமான எதையும் உள்ளங்கையால் தொட மாட்டார்கள். ஷாக் அடித்தால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். அவர் கையைத் திருப்பி, புறங்கையைத் தண்ணீருக்கு நேரே கொண்டுபோனார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றை

(முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டேன்.)

கையை இறக்கச் சொல்வதோ எடுக்கச் சொல்வதோ உங்கள் பாடு. சீக்கிரம் சொல்லுங்கள், சுவர் ஊறுகிறது. மேலே பிள்ளை தண்ணீருக்குள் தெரியும் இன்னொரு பல்பைப் பார்த்துச் சிரிக்கிறது. இராசாத்தி பிள்ளையைத் தூக்கி, இப்ராம்சா வைத்த விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.