ஏழாவது கல்

முலாம் போட்டுத் தந்த தோட்டை, கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். ஏழு சிவப்புக் கல்லில் ஒன்று இல்லை.

"கொடுக்கும்போது இருந்துச்சே."

முலாம் போடுபவர் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். "எங்க கடையில கல்லு திங்கிற எலி இல்ல சார்." வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என் மனைவியின் காதிலிருந்து கழற்றி, தாளில் சுற்றிக் கொடுத்த தோடு. முலாம் வெளுத்திருந்தது. அக்கா நினைவாகத் தங்கைக்கு வேண்டும் என்று மாமியார் கேட்டார். புதிதாக முலாம் போட்டே கொடுக்கலாம் என்று நினைத்தேன். வாங்கிப்போக மச்சினியும் கூட வந்திருந்தாள்.

மனைவி இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அதன்பிறகு கோபமும் வந்ததில்லை. அன்று வந்தது.

"தினமும் அவ காதுல பாத்த தோடு இது. எனக்குத் தெரியாதா? கல்லைப் பேத்து எடுத்துட்டு கிண்டல் வேறயா?"

தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். மச்சினி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கத்தாதீங்க அத்தான். அது கல்லே இல்ல."

"என்னது?"

"கல்லு எப்பவோ விழுந்துடுச்சு. அக்கா நெயில் பாலிஷ் ஊத்தி வச்சிருந்தா. நான்தான் ஆடாம புடிச்சுக்கிட்டேன்." அவள் குரல் தணிந்தது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அட, அதான் மருந்துல கழுவுறப்ப ரோஸ் கலரா வந்துச்சா!" என்றார் முலாம் போடுபவர். ஏதோ விடுகதைக்கு விடை கிடைத்தவர் மாதிரி முகம் மலர்ந்திருந்தது. நான் சொன்ன வார்த்தை எதுவும் அவர்மேல் ஒட்டியதாகத் தெரியவில்லை. என்மேல்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் மனைவி என்னிடம் சொல்லியிருந்தாள். "ஏங்க, போற வழியில இதைக் கொடுத்துட்டுப் போங்களேன்." நான் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றேன். அந்த "ம்" எனக்கு நினைவிருக்கிறது. எதற்குச் சொன்னேன் என்பதுதான் அந்த நிமிஷம்வரை தெரியாது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வளையல் பார்த்த பெண்கள் இப்போது வளையலைத்தான் பார்த்தார்கள்.

"விடுங்க சார். வேற கல்லு பதிச்சிடவா?"

மச்சினி என்னைப் பார்த்தாள். "ம்" என்று சொல்லப்போனேன். உதட்டிலேயே நின்றுவிட்டது.

தோட்டைக் கையில் எடுத்தேன். மற்ற கற்களைச் சுற்றி முலாம் மெல்லிய கோடாகத்தான் ஓடியது. கல் இல்லாத குழியில் மட்டும் அடிவரை இறங்கி, கடை விளக்கு முழுவதையும் உள்ளே வைத்துக்கொண்டிருந்தது.