பாதபூஜைக்கு வந்த கால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் உள்ளத்தில் ஊறவில்லை, விடியற்காலையில் உதிக்கவும் இல்லை. பிறர் கேட்டு வாங்கியது. கோவையில் அன்னையர் போற்றும் பேரவை என்று ஒன்று. ‘வாழும்போதே வணங்குவோம்’ என விழா எடுக்கிறார்கள். நாற்பத்தொரு அம்மாக்களை மேடையில் வரிசையாக உட்காரவைத்து, பிள்ளைகள் பாதபூஜை செய்வார்கள். விழாவுக்கு ஒரு மலர். மலருக்கு ஒரு கதை. மலர்ப் பொறுப்பாளர் கிருபாசங்கர் போனில் தெளிவாகவே சொன்னார்:

“கடைசில அம்மா செத்துப்போயிரோணுமுங்க. அப்பத்தானுங்க படிக்கறவீங்க கண்ணுல தண்ணி வரும்.”

“விழா உசுரோட இருக்கற அம்மாக்களுக்குத்தானுங்களே?”

“விழா அவீங்களுக்குங்க. மலரு நமக்குங்க.”

2

தொடக்கம் ஒன்று: தாய் என்பவள் ஒரு

(வேண்டாம். இந்த வாக்கியத்தை எழுதி முடித்த எவரும் அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டுப் பேசியதாகத் தகவல் இல்லை.)

தொடக்கம் இரண்டு: சோமனூரில், விசைத்தறிகளின் தாலாட்டில் கண்

(தாலாட்டாம். பக்கத்து வீட்டில் நாலு தறி ஓடினால் தெரியும்.)

தொடக்கம் மூன்று: சோமனூர் சாந்தாமணிக்கு வயது எழுபத்து மூன்று, சர்க்கரை நோய், வலது உள்ளங்காலில் ஏழு வாரமாக ஆறாத ஒரு புண்.

(அழகாக இல்லை. ஆனால் கதை இங்கேதான் இருக்கிறது. இருக்கட்டும்.)

3

சாந்தாமணியின் மகன் தம்பிதுரை. கோவையில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறையின் முதலாளி. பேரவையின் தலைவரும் அவரே. தாய்ப்பாசத்தைப் பற்றிக் குறிப்புச் சீட்டு இல்லாமல் நாற்பது நிமிடம் பேசுவார். அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கும் அவருக்கும் நடுவே காரில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம்தான் அவருக்குக் கிடைத்தபாடில்லை.

(முதலில் இவரைக் கெட்டவராகத்தான் எழுதினேன். ஒட்டவில்லை. பேசும்போது இவருக்கு நிஜமாகவே குரல் கம்முகிறது. கெட்டவர்கள் என்றால் எனக்கு வேலை சுலபம். இந்த மாதிரி நல்லவர்களால்தான் தொல்லை.)

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சாந்தாமணி போனில் கூப்பிட்டார்.

“கண்ணு, கால்ல இருக்கற புண்ணு ஆறவே மாட்டீங்குது. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறயா?”

“போலாமுங்கம்மா. இந்த விழா ஒண்ணு முடியட்டும். பெரிய டாக்டர்கிட்டயே காட்டிப்போடலாம்.”

“என்ன விழா கண்ணு?”

“உங்களுக்குத்தானுங்கம்மா!”

“அப்படியா. அது முடிய ரொம்ப நாளாகுமா?”*

* ‘அந்தம்மா தனியாகவே பஸ் ஏறிப் போயிருக்கலாமே’ என்று ஒரு வாசகர் நிச்சயம் கேட்பார். போனார். படுக்கையில் சேர்க்க வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் கால்விரலை எடுக்கும்படி ஆகிவிடும், கூட ஒரு ஆளோடு வாருங்கள் என்றார்கள். “பையன் ஒரு விழா வேலைல இருக்கறானுங்க” என்று பெருமையாகவே சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். மகனிடம் சொல்லவில்லை.

4

விழா நாள். பித்தளைத் தாம்பாளம், பன்னீர், மஞ்சள், ரோஜா இதழ். நாற்பத்தொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். வேட்டி கட்டிப் பழக்கமில்லாதவர்கள் ஒரு கையால் பாதத்தையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டார்கள்.

தம்பிதுரை அம்மாவின் இடது காலைக் கழுவினார். வலது காலைத் தொட்டதும் சாந்தாமணி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“அந்தக் காலு வேண்டாங் கண்ணு. இதுவே போதும்.”

முன்வரிசை சிரித்தது. தம்பிதுரை மேடையில் எதையும் பாதியில் விட்டவரல்லர். காலை எடுத்து மடியில் வைத்தார். பழைய புடவைத் துணியால் ஒரு கட்டு. அவிழ்த்தார்.

(இங்கே நான்கு வரி வர்ணனை இருந்தது. எடுத்துவிட்டேன். கிருபாசங்கர் கேட்ட தண்ணீரை அந்த நான்கு வரியிலேயே கறந்திருக்கலாம், கறக்கக் கூடாது. புண் ஐந்து ரூபாய்க் காசு அகலம். அவ்வளவுதான்.)

தம்பிதுரை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. போட்டோகிராபர் அபிலாஷ் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்: “அண்ணா, பூவப் போட்டு மறைச்சுக்குங்க. க்ளோசப்புல எடுப்பாத் தெரியுது.”

தம்பிதுரையின் கை தானாகவே இதழ்களை அள்ளியது.

“போட்டுரு கண்ணு,” என்றார் சாந்தாமணி. “அத்தன சனமும் பாக்குது.”

5

முடிவு அ: போட்டுவிடுகிறார். படம் அருமையாக வருகிறது. (நடக்கக்கூடியது இதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ, கிருபாசங்கருக்காக: சாந்தாமணி மேடையிலேயே மெல்லச் சாய்ந்து

(மூன்று முறை எழுதிப் பார்த்தேன். அந்தம்மா சாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று கேட்ட ஆள். அதற்குள் சாவதற்கு அவருக்கு என்ன அவசரம்?)

முடிவு இ: அள்ளிய பூவைத் தாம்பாளத்திலேயே கொட்டினார்.

“எந்திரிங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“இப்பவா? உன்ற பேச்சு என்னாகறது?”

“கிருபாசங்கர் பேசுவாப்ல.”

“வெறுங்கால்ல எப்படிக் கண்ணு? செருப்பில்லாம நடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு.”

“டாக்டரா? எப்பப் போனீங்க?”

“அதெல்லாம் கார்ல சொல்றேன். கீழ உட்டுட்டு வந்தேன், போயி எடுத்துட்டு வா.”

6

மேடைப் படிக்குக் கீழே நாற்பத்தொரு ஜோடிச் செருப்புகள். எல்லாம் அம்மாக்களுடையவை: குதிகால் தேய்ந்தவை, வார் தைத்தவை, ஊக்கு குத்தியவை. மைக்கில் தலைவர் உரைக்கு அழைக்கிறார்கள். தலைவர் செருப்புகளுக்கு முன்னால் நிற்கிறார். அம்மாவுடையது எது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பிக் கேட்கலாம்தான்; நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். (அவர்களைக் கேட்டாலும் தெரியாது என்பது வேறு விஷயம்.)

கதாசிரியன் எதற்கு இருக்கிறான், கைகொடுப்போம் என்று, ‘அவர் குனிந்து அந்த’ வரைக்கும் எழுதினேன். நின்றுவிட்டது. என் அம்மா இப்போது இதே வீட்டில், அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை.

ஆகவே மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொடுங்கள். கற்பனை வேண்டாம், உங்கள் அம்மா போட்டிருப்பதையே எழுதினால் போதும்.

அவர் குனிந்து அந்த [          ] நிறச் செருப்பை, வாரில் [          ] இருக்கும் அதே ஜோடியை, எடுத்துக்கொண்டு படியேறினார்.

போன் போட்டுக் கேட்கக் கூடாது. கொஞ்சம் சீக்கிரம், சாந்தாமணி மேலே ஒற்றைக் காலில் நிற்கிறார்.