சனிக்கிழமை மெழுகுவத்தி

சுவிசேஷ ஏட்டின் மேல்துணியை சோவினார் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் பெரியவர் செத்தால் அந்தத் துணிதான் அவர் தலைக்கடியில் போகும். கூடத்தில் அப்பா மிசாக் சவப்பெட்டியில் கிடந்தார். வாசலில் ஊரே காத்திருந்தது, புனிதம் என்று எல்லாரும் சொல்லும் அந்த ஏட்டை முத்தமிட.

எழுநூறு வருஷத்துத் தோல் ஏடு. படையெடுப்புகளின்போது பாட்டன்மார் முதுகில் கட்டிக்கொண்டு அரகாட்ஸ் மலை ஏறியது. அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. நோய் தீர்ந்தவர்கள் ஆளுக்கொரு துணி சுற்றிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

மேல்முடிச்சோடு அடியில் இருந்த முடிச்சுகளும் கழன்று எல்லாத் துணியும் சரிந்தது. உள்ளே ஒரு பலகை. பச்சைப் பெயின்ட். அப்பாவின் தேனீப் பெட்டி மூடி, அளவாக அறுத்தது.

"அண்ணா, இங்க வா."

லெவோன் வந்து பார்த்தான். அவன் திடுக்கிடவே இல்லை. அதுதான் அவளை முதலில் சுட்டது.

"ஏடு எங்க?"

"மெதுவா பேசு சோவி. வெளியில கேக்கும்."

"எங்கன்னு கேட்டேன்."

"அப்பா வித்துட்டாரு. கரண்டு இல்லாத அந்தக் குளிர்காலத்துல. எரெவான் பட்டணத்துல எனக்கு வீடு எப்படி வந்துதுன்னு நினைச்ச?"

அடுத்த வசந்தத்தில்தான் கும்ரியிலிருந்து ரயில்வேக்காரன் ஒருவன் அவளைப் பெண் கேட்டு வந்தான். அவளுக்கும் பிடித்திருந்தது. புனிதம் இருக்கிற வீட்டில் விளக்கேற்ற ஒரு பெண் வேண்டாமா என்று அப்பா கண்ணீர் விட்டார். அவள் தங்கிவிட்டாள். இத்தனை வருஷமும் சனிக்கிழமை தவறாமல் ஒரு தேனீப் பெட்டி மூடிக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள்.

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போயிருப்ப. அப்பறம் அப்பாவ யாரு பாத்துக்கறது?"

காலையிலிருந்து அழுத அழுகையைத் திரும்ப வாங்க முடிந்தால் வாங்கியிருப்பாள்.

"அக்கா, கொண்டு வாங்களேன்!" பக்கத்து வீட்டு ஹெகினே வாசலிலிருந்து கூப்பிட்டாள். "பாப்பாவுக்கு ஜுரம் கொதிக்குது."

சோவினார் பலகையைத் துணிகளால் மறுபடி சுற்றினாள், மேல்துணியையும் சேர்த்து. கூடத்துக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் லெவோன் கையில் வைத்தாள்.

"ஏட்ட அப்பா எங்கண்ணனுக்குத்தான் குடுத்துட்டாரு. இனிமே விளக்கும் அவரே ஏத்தட்டும்."

ஹெகினே குழந்தையின் நெற்றியைத் துணியில் வைத்து அழுத்தினாள். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அன்று சனிக்கிழமை. சோவினார் மெழுகுவத்திகளை அண்ணனின் கோட்டுப் பையில் திணித்தாள். சவப்பெட்டியைத் தாண்டி வெளியே போனாள்.

அப்பாவின் தலை வெறும் பலகையில் கிடந்தது.