உக்கிராணத்துக்குப் போன புள்ளி

ஆர்வில் ட்வெய்ட்டுக்கு அந்தப் பெயரை வைத்தது அவனுடைய அப்பா. உலகத்திலேயே முதன்முதலாக இயந்திர விமானத்தில் பறந்தவனின் பெயர் அது. பெயர் வைத்த ராசியோ என்னவோ, விமானத்தில் ஏறிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆர்வில் தன் தொப்பியைக் கழற்றி அதற்குள் வாந்தியெடுத்துவிடுவான். வீட்டுக்கு வீடு பின்பக்கம் ஒரு விமானம் நிற்கிற அலாஸ்காத் தெருவில் இது சாதாரண அவமானமில்லை. அந்த வீட்டில் பறப்பதெல்லாம் அவன் மனைவி மார்லிஸ்தான். அவன் தரையில் இருந்துகொண்டு பனிவண்டிகளையும் மரமறுக்கும் ரம்பங்களையும் பழுது பார்ப்பான். மிச்ச நேரத்தில் கவலைப்படுவான். இரண்டாவது தொழிலில்தான் அவன் கைதேர்ந்தவன்.

போன செப்டம்பரில் அந்தக் கைத்திறமை எல்லை மீறிப் போய்விட்டது. மேகம் தாழ்ந்து வந்ததால் மார்லிஸ் ஓர் ஏரிக்கரையில் விமானத்தை இறக்கிவிட்டு ஒதுங்கியிருந்தாள். இவன் பொறுக்கமாட்டாமல் மீட்புப் படைக்குப் போன் போட்டுவிட்டான். மேகம் விலகியதும் ஹெலிகாப்டர் வந்து இறங்கியபோது அவள் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டார்கள். போகும்போது ஒருவன், உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பாசக்காரர் போலிருக்கே என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வார்த்தை மார்லிஸுக்கு ஆறவே இல்லை.

அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு, விமானத்துக்கு எந்தக் கருவி வாங்குவது என்பதுதான். வாலுக்குள் ஏற்கெனவே ஒரு பழைய பீக்கன், அதாவது ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் பெட்டி, இருந்தது. விமானம் மோதினால் அது தானாகக் கத்தும். ஆனால் அது கத்துகிற அலைவரிசையைச் சாட்டிலைட்டுகள் கேட்பதை நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன. அதை மாற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்பதில் சண்டை இல்லை. சண்டையெல்லாம் அதற்கு மேலே என்ன வாங்குவது என்பதில்தான்.

மார்லிஸ் கேட்டது சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னப் பீக்கன். மாதச் சந்தா கிடையாது. ஒரே ஒரு பொத்தான், அதை அழுத்தினால் மீட்புப் படைக்குத்தான் தகவல் போகும், வேறு யாருக்கும் போகாது. "சாகப்போறப்ப அமுக்கிக்கறேன். அதுவரைக்கும் என்னை விட்ரு" என்றாள்.

ஆர்வில் கேட்டது டிராக்கர். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, இங்கே இருக்கிறாள், இங்கே இருக்கிறாள் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கும். செய்தி அனுப்பலாம், பதிலும் வாங்கலாம். பேட்டரி எத்தனை குளிரைத் தாங்கும், ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எந்தக் கருவி தண்ணீரில் மிதக்கும், எது மிதக்காது என்று அவன் படிக்காத பக்கமில்லை. விற்கிறவனே இவனிடம் சந்தேகம் கேட்கிற நிலைமை வந்துவிட்டது. இத்தனைக்கும் விமானத்தின் எந்த நெம்புகோல் எதற்கென்று கேட்டால் தெரியாது.

மார்லிஸ் டிராக்கருக்கு ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் உக்கிராணம். அவர்கள் வீட்டுப் பேச்சில் உக்கிராணம் என்றால் சாமான் அறையில்லை, மலைகளுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆற்று வளைவில் கிடக்கும் கூழாங்கல் திட்டு. ஆகஸ்டு கடைசியில் வெள்ளி சால்மன் அங்கே வந்து முட்டும். குளிர்காலத்துக்கான மீன் முழுவதும் அவளுக்கு அங்கிருந்துதான். இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும், சத்தியம் வாங்கிக்கொண்டு ஆர்விலுக்கும் சொல்லியிருந்தாள். யாருக்குத் தெரிந்தாலும் அவளுடைய அண்ணன் லோவெலுக்கு மட்டும் தெரியக்கூடாது. சின்ன வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் யார் மீன் பெரிது என்று போட்டி. ஆர்விலின் போனில் புள்ளி விழுந்தால், ஊர் விமானங்களெல்லாம் எண்ணெய் போட்டுக்கொள்ளும் கொட்டகையில் காப்பி குடிக்கும்போது அவன் ஊருக்கே காட்டிவிடுவான் என்று அவள் பயந்தாள். நியாயமான பயம்தான். அவன் தன் குடல் ஆபரேஷன் படத்தையே காட்டியவன்.

கடைசியில் மூன்றையும் வாங்கினார்கள். வாலுக்குப் புதுப் பீக்கன், அவள் மீன்பிடிச் சட்டைக்குச் சின்னப் பீக்கன், ஆர்விலின் மனசுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு டிராக்கர். ஆனால் நிபந்தனை இருந்தது. எரிந்த மரங்கள் நிற்கும் கடைசி முகட்டைத் தாண்டியதும் டிராக்கரை அணைத்துவிடுவாள், திரும்பி வரும்போது அங்கேயே போடுவாள். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகாமல் அவன் மீட்புப் படையைக் கூப்பிடக்கூடாது. இன்னொரு தடவை வெட்டியாகக் கூப்பிட்டானானால் அந்த ஆரஞ்சுப் பிசாசை ஆற்றில் எறிந்துவிட்டு, பழையபடி ஒன்றுமில்லாமல் பறப்பாள்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். காலையில் புள்ளிகள் ஒழுங்காக வந்தன. எரிந்த முகட்டில் கடைசிப் புள்ளி விழுந்தது. அதற்கப்புறம் வழக்கம்போல ஒன்றுமில்லை.

நாலு மணி ஆயிற்று. முகட்டில் புதுப் புள்ளி முளைக்கவில்லை.

ஆர்வில் பட்டறைக்குப் போய், பழுதில்லாத ஒரு ரம்பத்தைப் பிரித்துப் போட்டான். மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். வானம் வெளிறிக் கிடந்தது, காற்று அடங்கியிருந்தது. உள்ளே போய்க் கல் மாதிரி ஒரு பிஸ்கட்டில் புகைமீனை வைத்தான், தின்னவில்லை, திரும்ப வாசலுக்கு வந்தான். நாய் முதலில் அவன் பின்னாலேயே நடந்தது. அப்புறம் அதுவும் சலித்துப் போய்ப் படுத்துவிட்டது.

விஷயம் தெரியாதவன் என்றால் நிம்மதியாக இருந்திருப்பான். வாலில் இருக்கும் பீக்கன் கத்தியிருந்தால் மீட்பு மையத்திலிருந்து இவனுக்குத்தான் முதல் போன் வரும், பதிவில் இவன் நம்பர்தான் இருக்கிறது. போன் வரவில்லை, அதனால் மோதவில்லை என்று ஒரு நிமிடம் ஆறுதல். அடுத்த நிமிடமே, விமானம் கவிழ்ந்து கிடந்தால் ஆண்டெனா அடியில் போய்விடும், கத்தினாலும் வானத்துக்குக் கேட்காது என்று படித்தது ஞாபகம் வரும். சட்டையில்தான் சின்னப் பீக்கன் இருக்கிறதே என்று தேற்றிக்கொள்வான். ஆண்டெனாவைப் பிரித்து அழுத்த அவளுக்குக் கை வரவில்லை என்றால்? அவன் குளிர்காலம் முழுக்கப் படித்தது கருவிகள் காப்பாற்றுகிற விதத்தை மட்டுமில்லை. அவை கைவிடுகிற விதங்களையும் ஒன்று விடாமல் படித்திருந்தான்.

ஒரு மணி நேரம் முடியும்வரை அவனால் இருக்க முடியவில்லை. மீட்புப் படையைக் கூப்பிட்டு, அவள் அங்கே சும்மா மீன் அலசிக்கொண்டிருந்தால் இனிமேல் புள்ளியே கிடையாது. கூப்பிடாமல் இருந்து, அவள் கல்லில் கிடந்தால் இனிமேல் அவளே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது நாலு வீடு தள்ளிக் குடியிருந்தது.

லோவெல் வாசலில் உட்கார்ந்து கடமான் தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தான். மார்லிஸைவிட ஆறு வயது மூத்தவன், அவளைவிட இரண்டு மடங்கு அகலம். எந்தக் கருவியும் வாங்காதவன். என் தலைக்கு மேல சாட்டிலைட்டு எதுக்கு வேவு பாக்கணும் என்று கேட்கிற ரகம்.

ஆர்வில் மூச்சிரைக்க வந்து நின்று, தங்கை இன்னும் வரவில்லை என்றான். எங்கே போனாள் என்று லோவெல் கேட்டான். ஆர்வில் சத்தியத்தை நினைத்துக்கொண்டான். நினைத்து முடிப்பதற்குள் வாய் பாட்டுக்கு, எரிஞ்ச முகட்டுக்கு அந்தப் பக்கம், மூணாவது ஓடை வந்து சேர்ற இடம், வளைஞ்ச திட்டு என்று கொட்டிவிட்டது.

லோவெல் தொத்திறைச்சியை விழுங்கினான்.

"உக்கிராணம்தானே. கிளம்பு."

ஆர்விலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படி மச்சான் தெரியும்?"

"கொட்டகையில எல்லாருக்கும் தெரியும் மாப்ளே. அவ சனிக்கிழமை போவா. நாங்க மத்த நாள்ல போவோம். எனக்குப் புதன். வா, கண்ணு ரெண்டு கூட இருந்தா நல்லது."

அந்தப் பேரை யார் சொன்னது என்று ஆர்வில் கேட்கவில்லை. காப்பிக் கோப்பையோடு அங்கே அதிகம் பேசுகிறவன் யார் என்பது அவனுக்கே தெரியும்.

விமானத்தில் ஏறமாட்டேன் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை. அதை அவன் உணர்ந்தது, தெருவும் வீடும் காலுக்குக் கீழே சாய்ந்தபோதுதான். தொப்பி ஆற்றுக்கு முன்னாலேயே நிறைந்துவிட்டது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டே வந்தான். எல்லாக் கல்லும் உடைந்த இறக்கை மாதிரித் தெரிந்தது.

எரிந்த முகட்டைத் தாண்டியதும் திட்டு தெரிந்தது. அதில் மஞ்சள் விமானம் நேராகத்தான் நின்றது. ஆனால் மூக்கில் என்னவோ குறைந்தது. மூக்கில் சுழலும் விசிறியைக் காணோம். பக்கத்தில் ஒரு உருவம் கட்டையின் மேல் குனிந்து எதையோ ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கேட்டு அது நிமிர்ந்தது. கையில் கோடாலி.

"அடிக்கிறதப் பாத்தா நல்ல தெம்பாத்தான் இருக்கா" என்றான் லோவெல். அவன் குரல் உடைந்ததை இஞ்சின் சத்தம் மூடிவிட்டது.

வட்டமடிக்காமல் ஒரே இறக்காக இறக்கினான். ஆர்வில் கதவைத் திறந்து, இறங்கி, ஓடப் பார்த்து, கால் இடறிக் கூழாங்கல்லில் உட்கார்ந்துவிட்டான். மார்லிஸ்தான் அவனிடம் வந்தாள். முகமெல்லாம் இஞ்சின் கரி, முடியில் மீன் செதில். நடந்ததை இரண்டு வரியில் சொன்னாள். கிளம்பும்போது சக்கரம் புதைமணலில் புதைந்து விமானம் மெதுவாக மூக்கைக் குத்திக்கொண்டு, திரும்ப வாலில் உட்கார்ந்துவிட்டது. வால் பீக்கன் கத்துகிற அளவுக்கு அடி இல்லை. விசிறி மட்டும் வளைந்துவிட்டது. கழற்றி, கட்டையில் வைத்து நிமிர்த்திக்கொண்டிருக்கிறாள், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. உன் தொப்பி எங்கே என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, தெரியும்.

"ஒரு வார்த்தை அனுப்பியிருக்கலாமே" என்றான் ஆர்வில்.

அவள் சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு டிராக்கரை எடுத்து நீட்டினாள். சின்னத் திரையில் அடித்துவிட்டு அனுப்பாமல் விட்ட செய்தி இருந்தது. நல்லா இருக்கேன். விசிறி வளைஞ்சுபோச்சு. லோவெல்கிட்ட மட்டும் சொல்லாதே.

"செய்தி போனா இடமும் கூடவே போகும். நீ நேரா அவன்கிட்டதான் ஓடுவே. அதான் அடிச்சேன், அழிச்சேன், திரும்ப அடிச்சேன். அதுக்குள்ள நிமித்திடலாம்னு பாத்தேன்."

"நாலு மணியிலேர்ந்து நீ செத்துட்டேன்னு நெனச்சுட்டு இருக்கேன் மார்லிஸ். மீனுக்காக."

மார்லிஸ் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, கரிக் கையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். அது வாந்தியைத் துடைப்பதுபோல இருந்தது, மன்னிப்புக் கேட்பதுபோலவும் இருந்தது.

லோவெல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து வியந்தான். "அடேயப்பா. இப்படி ஒரு எடம் இருக்கறதே தெரியாமப் போச்சே."

மார்லிஸ் அவனுடைய சக்கரத் தடத்தைத் திரும்பிப் பார்த்தாள். தடம் ஈரப் பள்ளத்தை ஒதுக்கி, கிடக்கும் மரத்தைச் சுற்றி, கெட்டியான பக்கமாகவே வளைந்து வந்திருந்தது. முதல் தடவை வருகிறவன் இரண்டு சுற்றாவது சுற்றி, தாழப் பறந்து, சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் இறக்குவான்.

"எந்த நாளு அண்ணே?" என்றாள்.

லோவெல் வானத்தைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான். "புதன்" என்றான்.

"மீன் குறையறதுக்கு ரெண்டு வருஷமா நான் கரடி மேல பழி போட்டுட்டு இருக்கேன்."

"கரடியும் வருது. அது பொய்யில்ல."

அவள் கட்டையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிராக்கரை அழுத்திப் போட்டாள். அதில் பச்சை விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. இனிமே இதை அணைக்கமாட்டேன், அணைச்சு எந்த ராஜ ரகசியத்தைக் காப்பாத்தப்போறேன் என்றாள்.

தன் கொட்டகையில் ஒரு பழைய விசிறி கிடக்கிறது, நாளைக்குக் காலையில் கொண்டு வருகிறேன் என்றான் லோவெல். மூன்று பேருமே அவன் விமானத்தில் திரும்பலாம்தான். ஆனால் துணி போர்த்திச் செய்த விமானம், மீன் வாடை வேறு, அதைத் தனியாக விட்டால் கரடி கிழித்துவிடும். யாராவது காவலிருக்க வேண்டும். மார்லிஸ் இருக்கிறேன் என்றாள். ஆர்விலும் இருக்கிறேன் என்றான். மனைவிக்காகவா, அன்றைக்கே இன்னொரு தடவை பறக்கப் பயந்துகொண்டா என்று அவனே சொல்லமாட்டான்.

லோவெலின் விமானம் முகட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தது. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மார்லிஸ் மீனை வெட்டி வாணலியில் போட்டாள். அவ்வளவு நாள் வரைபடத்தில் புள்ளியே விழாத இடத்துக்குள்ளேயே இப்போது ஆர்வில் உட்கார்ந்திருந்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவன் மேலேயே ஒரு புள்ளி விழுந்துகொண்டிருந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

அவன் எழுந்து திட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி நடந்தான்.

"இப்ப என்ன?" என்றாள் மார்லிஸ். "நான்தான் கண்ணு முன்னாடி இருக்கேனே."

"உங்கண்ணன்கிட்ட ஒண்ணுமே இல்லையே. டிராக்கரும் இல்ல, பீக்கனும் இல்ல. போய் இறங்கினானா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். டிராக்கரை எடுத்து, எறங்கினதும் சொல்லுண்ணே, இங்க ஒருத்தன் நடந்தே ஆத்தைத் தூத்துடுவான் என்று அடித்து அண்ணன் போனுக்கு அனுப்பினாள். முதன்முதலாக அந்தத் திட்டின் இடம் அவள் கையாலேயே லோவெலுக்குப் போயிற்று.

மீன் வெந்தது. ஆர்வில் தின்றுகொண்டே நடந்தான். வாணலி காலியாகிற நேரத்தில் டிராக்கர் சிணுங்கியது. மார்லிஸ் படித்துவிட்டு அவனிடம் கொடுத்தாள்.

எறங்கிட்டேன் மாப்ளே. போய்ப் படு. அந்தப் பொட்டி என்ன விலை?

ஆர்வில் படுக்கவில்லை. எந்த வகை வாங்கலாம் என்பதற்கு நீளமாகப் பதில் அடிக்க உட்கார்ந்துவிட்டான்.