ஒற்றைச் சிலுவை

லெம்பெர்க் நகரத்து மாகாண சபையில் குடியானவன் ஹவ்ரிலோ மூன்றே வாரம்தான் உட்கார்ந்திருந்தான். ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றவில்லை. பக்கத்து நாற்காலிப் பிரபு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான். அவனுக்குச் சபையில் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்று: துப்ரோவா காட்டில் விறகும் மேய்ச்சலும் ஊராரின் உரிமை, பண்ணையார் வேலி போட்டது அநியாயம். அவன் முறை வருவதற்குள் அவன் தேர்தலே செல்லாது என்று மனு வந்துவிட்டது.

மனு எழுதியவன் வின்சென்ட்டி. பண்ணையின் காரியஸ்தன், தேர்தலில் தோற்றவன். ஹவ்ரிலோ சாராயம் ஊற்றி ஓட்டு வாங்கினானாம். பச்சைப் பொய். சாராயம் வாங்க வழியிருந்தால் ஹவ்ரிலோ முதலில் தானே குடித்திருப்பான். சபை ஒரு கமிஷனரை ஊருக்கு அனுப்பியது. வட்டாரத்தின் ஐம்பத்து மூன்று வாக்காளர்களில் இருபத்தேழு பேர், 'மனமார வாய்விட்டுச் சொன்ன ஓட்டுதான்' என்ற வாக்குமூலத்தின் கீழ் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறி போட்டால் போதும், மனு குப்பைக்குப் போய்விடும்.

ஹவ்ரிலோ வாங்கியிருந்தது நாற்பத்தோரு ஓட்டு. கேட்டதும் சிரித்தான். ஊர் திரும்பும் பனிச்சறுக்கு வண்டியில் பாதி தூரம் வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

பதின்மூன்று வருடத்துக்கு முன்புவரை வாரம் மூன்று நாள் பண்ணைக்குச் சும்மா உழைத்த ஜனம் அது. சக்கரவர்த்தி அதை ஒழித்தார். ஆனால் எவனாவது ஒரு காகிதத்தில் சிலுவை போட்டுவிட்டால் அந்த உழைப்பு திரும்பி வந்துவிடும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். அந்தப் பயத்தை ஊதி ஊதித்தான் ஹவ்ரிலோ ஓட்டு வாங்கினான். "யார் காகிதம் நீட்டினாலும் குறி போடாதீங்க. நானே வந்து நீட்டினாலும் போடாதீங்க. அப்ப நான் வெல போயிட்டேன்னு வெச்சுக்குங்க" என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னான். நுணலும் தன் வாயால் கெடும்.

சர்க்கார் அலுவலக மண்டபத்தில் கமிஷனர் சக்கரவர்த்தியின் கழுகு முத்திரை வைத்த தடித்த காகிதத்தை மேசைமேல் விரித்தார். வின்சென்ட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாக ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருந்தான். முதல் பெயர் தீம்கோ, ஹவ்ரிலோவின் மனைவி பராஸ்காவுக்குக் கூடப் பிறந்த அண்ணன்.

"நீ இவனுக்குத்தானே ஓட்டுச் சொன்னே?" என்றார் கமிஷனர்.

"ஆமாங்க ஐயா."

"குடிச்சிருந்தியா?"

"பச்சத் தண்ணிகூடக் குடிக்கலீங்க."

"அப்ப இதுல ஒரு குறி போடு."

தீம்கோ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "அது மட்டும் முடியாதுங்க."

ஹவ்ரிலோ எழுந்து வந்தான். "மச்சான், இது வேற காகிதம். போடு. காடு நமக்கு வரும்."

"நீயே வந்து நீட்டினாலும் போடாதேன்னியே, மாப்ள."

"சொன்னேன். அன்னிக்குத் தெரியாமச் சொல்லிட்டேன்."

"அன்னிக்குத் தெரியாமச் சொன்னியா, இன்னிக்குத் தெரிஞ்சு சொல்றியா? லெம்பெர்க்ல எவ்வளவு குடுத்தாங்க?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவனும் ஹவ்ரிலோவுக்குத்தான் ஓட்டுச் சொன்னதாகச் சத்தியம் செய்தான். ஒவ்வொருவனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். இருபதாவது ஆளிடம் ஹவ்ரிலோ மண்டியிட்டான். பண்ணையார் முன்னால்கூட மண்டியிடாதவன். அதைப் பார்த்ததும் மிச்சப் பேருக்கும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. சும்மாவா இப்படிக் கெஞ்சுவான் ஒருத்தன்?

கடைசியில் கமிஷனர் கொட்டாவி விட்டார். "நீயும் இந்த வட்டாரத்து வாக்காளன்தானே, நீயாவது இதுல ஒரு குறி போட்டுட்டுப் போ."

ஹவ்ரிலோ மேசைக்குப் போனான். முதுகில் அத்தனை ஜோடிக் கண்களும் குத்தின. பேனாவை வாங்கிப் போட்டான். அவன் வாழ்நாளிலேயே போட்ட முதல் சிலுவை.

"ஒன்று" என்று எழுதிக்கொண்டார் கமிஷனர். தீம்கோ தரையில் காறித் துப்பிவிட்டு வெளியே போனான்.

மறுதேர்தலில் வின்சென்ட்டி ஜெயித்தான். "இவன் திருடன்தான், ஆனா திருடன்னு தெரிஞ்ச திருடன்" என்று தீம்கோவே அவனுக்கு ஓட்டுச் சொன்னான். வசந்தம் வந்தபோது காடு யாருக்கு என்ற வழக்கு பண்ணைக்குச் சாதகமாகத் தீர்ந்தது. வேலியோரம் துப்பாக்கிக் காவல் வந்தது. ஊரில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஹவ்ரிலோ குறி போட்டான், காடு போச்சு. குழந்தைகள்கூட அவனைக் கண்டால் விரலால் காற்றில் சிலுவை கிழித்துவிட்டு ஓடின.

பராஸ்கா விறகுக்குப் பதில் வைக்கோல் முறுக்கி அடுப்பெரித்தாள். ஒருநாள் பீட்ரூட் கஞ்சியை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தக் காகிதத்துல என்னதான் எழுதியிருந்துச்சு?"

அவன் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். மனு, இருபத்தேழு குறி, எதையும் விடவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஊருக்கு நீ என்ன வேணா சொல்லிக்க. நான் உன் பொண்டாட்டி. எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லு. எவ்வளவு குடுத்தாங்க, எங்க வெச்சிருக்கே?"