விண்மீனோடு நகராத புள்ளி

தொலைநோக்கிப் படத்தில் கறுப்பு வட்டத்துக்கு வெளியே அந்த ஒற்றைப் புள்ளி, வெயிலை உள்ளங்கையால் மறைப்பதுபோல விண்மீனைக் கருவிக்குள் மறைத்துவிட்டுப் பக்கத்தில் கோள் தேடினோம், நானும் கூட ஆய்வு செய்த மயில்சாமியும், ஜெர்மனியின் அந்தச் சின்ன ஊரில் ஜன்னல் முழுக்கப் பனி, பிறந்த சூடு இன்னும் ஆறாத பெரிய கோள், தன் வெப்பத்திலேயே மினுங்குகிறது, அதன் காற்றில் தூசிமேகங்கள் மிதக்கின்றன என்று இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது, அன்று அவர் கோயம்புத்தூரிலிருந்து அம்மா அனுப்பிய பருப்புப்பொடியைச் சோற்றில் பிசைந்து எனக்கும் ஒரு தட்டு வைத்தார், அந்த ஊரில் என்னோடு தமிழ் பேச வேறு யாருமில்லை. மறுவருடப் படம் என் கணினிக்குத்தான் முதலில் வந்தது, விண்மீன் இம்மியளவு நகர்ந்திருக்கிறது, கோளானால் கூடவே போயிருக்க வேண்டும், புள்ளி போகவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது, வெகுதொலைவில் பின்னால் இருக்கும் வேறொரு விண்மீன் அது, மேகமுமில்லை கோளுமில்லை, மூன்று முறை அளந்துவிட்டு மயில்சாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் உட்காரவில்லை, வர்ற வியாழக்கிழமை எனக்கு இன்டர்வியூங்க, இந்தக் கட்டுரையப் பாத்துத்தான் கூப்பிட்டிருக்காங்க, ஒரே ஒரு வாரம் பொறுத்துக்குங்க என்றார், தலையசைத்தேன் என்றுதான் ஞாபகம், கனவில் மட்டும் தலையசைக்காமல் நிற்கிறேன், ஆனால் எங்களை நம்பி இன்னொரு குழு அதே புள்ளியைப் பார்க்கத் தொலைநோக்கியில் நேரம் கேட்டிருந்தது, புதன்கிழமையே அது கோளில்லை என்று எல்லோருக்கும் எழுதிவிட்டேன், அவருக்கு வேலை கிடைக்கவில்லை, அவர் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய காலையில் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன், இன்னும் நிற்கிறேன்.

நான்கு வருடம் போய், இந்த ஞாயிற்றுக்கிழமை, இன்னோர் இளம் விண்மீன், இந்தப் புள்ளி கூடவே நகர்கிறது, அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் நீராவியின் தடம், சந்தேகமே இல்லை, கட்டடத்தில் ஓர் ஆளுமில்லை, சொல்வதற்கு எனக்கிருப்பதும் ஒரே ஆள், அவர் எப்போதோ எழுதிக்கொடுத்த கோவை வீட்டு எண்ணை அழுத்தினால் அவர் அம்மா எடுக்கிறார், மயிலு மேல தொட்டி கழுவிட்டிருக்கான், நீ யாரு கண்ணு, என்னன்னு சொல்லோணும், என் பெயர் எனக்கு வாயில் வரவில்லை, தண்ணி இருக்குன்னு சொல்லுங்கம்மா என்றேன், அந்த அம்மா வாசலுக்குப் போய்ச் சத்தமாகக் கூப்பிடுகிறார், டேய் மயிலு, தண்ணி வந்துருச்சாமா, வாளியைக் கீழே வைக்கும் ஓசை, பிறகு, நான்கு வருடமாக நான் கேட்காத குரல் மேலேயிருந்து கேட்கிறது, எங்கேம்மா?