ஒன்பதாம் கூண்டு

மழை பிடிக்க இன்னும் பத்து நாள் இருக்கலாம். கழிமுகத் தண்ணீரில் கை வைத்தால் யாரோ காய்ச்சி வைத்தது போல் சுட்டது. இந்தச் சூட்டில்தான் கொடுவா மீனுக்கு அந்தச் சீக்கு வரும். கண் பிதுங்கும், உடம்பு கறுக்கும், சாகுமுன் பம்பரமாகச் சுற்றும். போன வருஷம் பண்ணையில் பாதி மீன் அப்படித்தான் போயிற்று. இந்த வருஷமும் போனால் மூடிவிட வேண்டியதுதான் என்று முதலாளி வாரன் எல்லாரையும் நிற்கவைத்தே சொல்லிவிட்டார். இருபத்தாறு பேர் பிழைப்பு பண்ணையின் மீன்நோய் ஆய்வாளர் மெரின் செய்த தடுப்பூசியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெரின் சாமானியப்பட்டவள் அல்ல. நோய்மீனின் மூளையிலிருந்து கிருமியை எடுத்து, வளர்த்து, ஃபார்மலினில் கொன்று, எண்ணெயில் கலந்து ஊசிமருந்தாக்க அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. ஆகஸ்டில் கழிமுகத்தில் மிதக்கும் ஒன்பது வலைக்கூண்டு மீனுக்கும் வயிற்றில் ஊசி போட்டு முடித்தார்கள். அன்று துறையில் கறி சுட்டு, பீர் உடைத்துக் கொண்டாடினார்கள். இரண்டாவது பீரில் மெரின் எழுந்து நின்று, "இனிமே பயமே இல்ல!" என்று கத்தினாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூண்டு மேஸ்திரி டெல்வின் ஐஸ் பெட்டியோடு அவள் சோதனைக்கூடத்துக்கு வந்தான். கூடம் என்றால் துறை முனையில் நிற்கும் தகரப் பெட்டிதான்.

"உனக்கு விருந்து, ஊசிக்காரி. ஒம்பதாங் கூண்டுல ரெண்டு செத்துக் கெடந்துச்சு. கண்ணப் பாரு, பேயக் கண்ட மாதிரி முழிக்குது."

மெரின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பயத்தை முகத்தில் காட்டவில்லை.

"ஊசி போட்டாலும் நூத்துல ஒண்ணு ரெண்டு சாகும், டெல்வின்."

"அப்ப நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாம். போய் உங்க வேலையப் பாருங்க."

இரண்டு மீனுக்காக ஊரைக் கூட்டுவானேன் என்று நினைத்தாள். சந்தேகத்தை வெளியே சொன்னால் இரண்டு வருஷ உழைப்பு நாறிப்போகும் என்ற பயமும் இருந்தது. அதுதான் பெரிய காரணம்.

செத்த மீனின் மூளையிலிருந்து எடுத்துத் தட்டில் தடவிவைத்த கிருமி மறுநாள் மதியத்துக்குள் முளைத்துவிட்டது. ஊசி போட்ட மீனின் இரத்தநீரைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, பழைய கிருமியைக் கலந்தாள். பால் திரிவது போல் திரிந்தது. மீனுடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம். அடுத்த துண்டில் ஒன்பதாம் கூண்டுக் கிருமியைக் கலந்தாள். திரியவில்லை. இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வெள்ளையாக, வழவழவென்று அப்படியே கிடந்தது. நோய் அதேதான்; கிருமி போர்த்தியிருந்த உறை வேறு. இவள் மருந்து அதன் மேல் செல்லாது. புது மருந்துக்கு இன்னும் பல மாதம் வேண்டும்.

போனை எடுத்தாள்.

"டெல்வின், ரெண்டு வருஷமா எனக்கு நோய்மீன் எந்தக் கூண்டுலேருந்து கொடுத்த?"

"ஒண்ணாங் கூண்டுதான். துறைக்குப் பக்கம்ல? மத்தியானக் காத்துல ஒம்பது வரைக்கும் எவன் படகு விடுவான்?"

"ஏன் சொல்லல?"

"நோய்மீன் கேட்ட, கொடுத்தேன். எந்த வீட்டு மீனுன்னு நீ கேக்கலையே, தாயி."

அவன் சொன்னதில் தப்பில்லை. கேட்கவேண்டியவள் அவள்தான்.

"சரி, கேளு. ஒம்பதாங் கூண்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது. அதுல நனைஞ்ச வலை, தொட்டி எதுவும் வேற கூண்டுக்குப் போகக் கூடாது."





"காலையிலயே ஒம்பதாங் கூண்டத் தரம் பிரிச்சாச்சு, மெரின்."

கொடுவாவைத் தரம் பிரிக்காமல் விட்டால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிரித்தே ஆகவேண்டும். ஆனால் அந்தந்தக் கூண்டு மீனை அந்தந்தக் கூண்டிலேயே தடுப்பு வலை போட்டுப் பிரிப்பதுதான் வழக்கம்.

"எங்க விட்டீங்க?"

"பெருசெல்லாம் ஒண்ணு, மூணு, நாலு. சின்னது ஏழு. மிச்சம் அங்கங்க."

"கூண்டு மாத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டிருந்தேன்ல!"

"அது ஊசிக்கு முன்னாடி. இனிமே பயமே இல்லன்னு நீதான சொன்ன? நேத்துகூட கேட்டேனே, வேலையப் பாருங்கன்ன. பாத்தோம்."

அவன் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மெரின் வெளியே வந்தாள். துறையில் வலை அலசிக்கொண்டிருந்தவர்கள் எதற்கோ சிரித்தார்கள். வாரன் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவரிடம் போய்ச் சொல்லவேண்டும். தண்ணீரைக் குனிந்து பார்த்தாள்.

காலடியிலேயே ஒன்றாம் கூண்டு. ஒரு பெரிய கொடுவா மேலே வந்தது. பக்கவாட்டில் சாய்ந்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு இன்னொரு சுற்று. கூட நீந்திய மீன்கள் விலகக்கூட இல்லை.